குளக்கரையில் கிடந்தவன்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரியில் பொழியும் நீரைச் சுண்ணாம்புக்கல் உறிஞ்சித் தன் பிளவுகளிலே தேக்கி வைக்கிறது. நமது கிணறுகளில் ஊறுவது அந்நீரே. எஞ்சியது நிலத்தடியில் வழிகண்டு கடலை நோக்கி நகர்கின்றது. கீரிமலையில் அது கரையோரத்து ஊற்றாக வெளிப்படுகின்றது. மதிலுக்கு அப்பால் உவர்க்கடல்; இப்பால் நன்னீர்க் கேணி. ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் திரண்டு வந்து இங்கு நீராடிப் பிதிர்க்கடன் செலுத்துகின்றனர்.

இந்நீருக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டென்பது ஐதிகம். கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இதில் மூழ்கி மனித முகம் பெற்றாராம். குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கு நீராடி நலம் பெற்று, அண்மையிலுள்ள மாவிட்டபுரத்தில் கந்தசுவாமி கோயிலை எழுப்பினாளாம். கதையின் வரலாற்று உண்மையை நாம் இங்கு ஆராயப் போவதில்லை. ஆனால் அதன் உட்பொருள் தெளிவானது: வந்தவரின் முகம் எத்தகையது என்று இந்த நீர் கேட்கவில்லை.

கிறிஸ்தவ வேதத்திலும் ஒரு குளம் வருகின்றது. எருசலேமில், ஆட்டு வாசலுக்கு அருகே, ஐந்து மண்டபங்களைக் கொண்ட பெதஸ்தா குளம். யோவான் எழுதிய சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரம் அதைக் கூறுகின்றது. குருடரும் முடவரும் அங்கே திரளாகக் கிடக்கின்றனர். நீர் கலங்கும் வேளையில் முதலில் இறங்குபவனுக்கே சுகம் என்பது நம்பிக்கை. முப்பத்தெட்டு ஆண்டுகளாக நோயுற்றிருந்த ஒருவனை இயேசு கண்டு, நலம்பெற விரும்புகிறாயா என வினவுகின்றார். அவனோ ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தன்னைத் தூக்கி இறக்கிவிட எவருமில்லை என்றும், தான் நகர்வதற்குள் வேறொருவன் முந்திவிடுகிறான் என்றும் முறையிடுகின்றான்.

வேதத்தை வாசித்து வளர்ந்து, பின்னர் சமதர்ம நூல்களையும் வாசித்த நம் போன்றோருக்கு இந்த மறுமொழி நெஞ்சில் தைக்கின்றது. அவனுடைய நோய் காலில் மட்டும் இருக்கவில்லை. குளத்தின் ஒழுங்கிலேயே இருந்தது. ஓடத் தெரிந்தவனுக்கு மருந்து. ஓட இயலாதவனுக்கு மண்டபத்து நிழல். மிகவும் நலிந்தவன் எவனோ அவனே கடைசியில் நிற்க வேண்டிய விதி. அவ்விதியை ஒரு தேவதூதனின் பெயரால் விளக்கும் வசனம் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் காணப்படவில்லை. அது பிற்காலத்தார் சேர்த்தது என்பதே அறிஞர் பலரின் முடிவு. மனிதர் வகுத்த அநீதியான ஒழுங்குக்குத் தெய்வத்தின் கையொப்பம் எவ்வாறு பெறப்படுகின்றது என்பதற்கு இதைவிடத் தக்க சான்று வேண்டுமா?

இயேசு அவனைத் தூக்கிக் குளத்தில் இறக்கவில்லை. அடுத்த ஓட்டத்தில் அவன் முந்துவதற்கு வழி செய்யவுமில்லை. அந்த ஓட்டத்தையே பொருட்படுத்தாமல், படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நடக்கச் சொன்னார். அதன் பின் நடந்ததும் கவனிக்கத்தக்கது. முப்பத்தெட்டு ஆண்டுகள் கிடந்தவன் எழுந்து நடக்கிறான் என்று சமயத் தலைவர்கள் மகிழவில்லை. ஓய்வுநாளில் படுக்கையைச் சுமக்க உனக்கு உத்தரவிட்டவன் யார் என்றே விசாரித்தனர்.

இங்கு ஒரு நியாயமான மறுப்பு எழும். எழுந்தவன் ஒருவன், கிடந்தவர் திரளானோர். மற்றவர்களின் கதி என்ன? தனியொருவனுக்கு நிகழ்ந்த அற்புதத்தால் சமுதாயம் மாறிவிடுமா? இம்மறுப்பை நாம் ஒதுக்கிவிட முடியாது. ஒருவனை எழுப்பும் கருணை, மண்டபத்தைக் காலியாக்கும் நீதி ஆகாது. ஆயினும் எழுந்து நடந்த அந்த ஒருவன், ஏனையோர் அங்கே கிடக்க வேண்டியதில்லை என்பதற்குச் சாட்சியாகி விடுகின்றான். சுவிசேஷம் அவ்விடத்தில் நின்றுவிடுகின்றது. எஞ்சிய வேலை நம்முடையது. அதை ஆண்டவனிடமே திருப்பி ஒப்படைத்துவிட்டு மண்டபத்தில் செபமாலை உருட்டுவது பக்தியன்று, சோம்பல்.

நமது மண்ணிலே அந்த மண்டபம் எங்கே இருக்கின்றது? நிலத்தடி நீர் எல்லாக் கிணறுகளுக்கும் பொதுவானது. கிணற்றுக் கட்டில் ஏறும் உரிமையோ பொதுவாயிருக்கவில்லை. பொது இடங்களில் சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே வந்தது. அதற்குப் பதினோராண்டுகள் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கோயிலுள் நுழையும் உரிமை கோரி ஒடுக்கப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. அவர்களை எதிர்த்து வாசலில் நின்றவர்களின் தலைவர் சி. சுந்தரலிங்கம், ஒருகாலத்தில் கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்தவர். நலம்பெற்ற ஒருத்தியின் நன்றியால் எழுந்ததாகச் சொல்லப்படும் கோயிலின் வாசலிலேயே இது நிகழ்ந்தது. கல்வி மட்டும் மனிதனைத் திருத்திவிடும் என்று நம்பும் ஆசிரியர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

கிறிஸ்தவர்கள் இதைக் கேட்டுப் பெருமிதம் கொள்வதற்கு இடமில்லை. நமது தேவாலயங்களிலும் சாதிவாரியாக அமர்ந்த காலம் உண்டு. 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னாளில் வாலிபர் காங்கிரஸ், தீண்டாமை ஒழிப்பைத் தன் இலட்சியங்களுள் ஒன்றாகக் கொண்டது; அதன் முன்னோடி ஹன்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஆசிரியர். 'பஞ்சமர்' நாவலை எழுதிய கே. டானியலின் பெயரும் வேதாகமப் பெயர்தான். இவர்களைப் போற்றுகின்றோம், ஆனால் இவர்களை எண்ணுவதற்கு எத்தனை விரல் தேவைப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்கின்றோம்.

வீட்டுக்குள் வருவோம். மாலையில் விளக்கேற்றிக் குடும்பமாக முழந்தாளிட்டுச் செபிக்கின்றோம். தம் தாயும் சகோதரரும் வெளியே காத்திருக்கையில், இறைவனின் சித்தப்படி நடப்போரே தமக்கு உறவினர் என்று இயேசு சொன்ன பகுதியையும் வாசிக்கின்றோம். வேதப்புத்தகத்தை மூடியதும் மகளின் கலியாணப் பேச்சு தொடங்குகின்றது. முதற்கேள்வி சாதி, இரண்டாவது சீதனம், மாப்பிள்ளையின் குணம் பற்றிய கேள்வி நேரமிருந்தால் வரும். ஒல்லாந்தர் 1707இல் சட்டமாக்கிய தேசவழமை சமயம் பாராது நம்மெல்லோரையும் ஆள்கிறது. அதன்படி, மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்பதற்கும் கணவனின் சம்மதம் வேண்டும். சீதனமாக வந்தது அவளுடைய நிலம். ஆயினும் கையெழுத்து அவளுடையது மட்டும் போதாது. முழந்தாளிட்ட பிள்ளைகள் இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் கற்றுக்கொள்வது நாம் வாசித்த அதிகாரத்தையா, அதன் பின் பேசிய பேச்சையா?

உலகத்தைப் பார்ப்போம். 1990இல் மூண்ட போர் கீரிமலை மக்களை வேரோடு பிடுங்கி முகாம்களில் எறிந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் நகுலேஸ்வரம் கோயில் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்கானது. 1995 யூலை 9ஆம் நாள் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்த அகதிகள்மீது குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2023 ஒக்டோபர் 19இல், காஸாவின் புனித பொர்பிரியஸ் தேவாலயத்தில் அடைக்கலம் தேடியவர்களும் அவ்வாறே குண்டுக்கு இரையாயினர். பெதஸ்தா இருந்த அதே நாட்டின் பெயரால், அதே வேதத்தை மேற்கோள் காட்டி, வல்லரசுகள் ஆயுதம் அனுப்புவதையும் காண்கின்றோம். போர் முடிந்தபின் கீரிமலையில் மக்களின் காணிகளையும் உள்ளடக்கி ஜனாதிபதி மாளிகையொன்று எழுந்தது. வலிகாமம் வடக்கில் தம் காணிக்குத் திரும்புவதற்காகக் காத்திருந்தவர்களுள் பலர் முப்பத்தெட்டு ஆண்டுகள் வாழவில்லை, முகாமிலேயே மாண்டனர்.

நமக்குக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நகுலேஸ்வரம் குண்டுவீச்சுக்கு உள்ளான அதே 1990 ஒக்டோபரின் இறுதியில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றினர். தலைமுறை தலைமுறையாக நம்முடன் வாழ்ந்த அயலவர்கள் வெறுங்கையோடு போனார்கள். அன்று அவர்களுக்காக வாய் திறக்க யார் இருந்தோம்? அச்சம் காரணம் என்போம், அது உண்மையே. ஆயினும் தமக்கு எவருமில்லை என்ற அந்த நோயாளியின் முறையீடு அன்று நம்மை நோக்கியே எழுந்தது.

மதத்தை அபினியோடு ஒப்பிட்ட மார்க்சைச் சுட்டி இவ்வாராய்ச்சி வீண் என்று சொல்லும் தோழர்கள், ஒடுக்கப்பட்டோரின் துயரத்தையும் அவர் அதே பந்தியில் மதத்தினுள்ளே கண்டதை மறக்கலாகாது. விசுவாசிகளும் ஒன்றை மறக்கலாகாது: துயரத்தை உணர்ந்தால் மட்டும் துயரம் தீராது. இரு சாராரும் ஒரே கேள்வியால் அளக்கப்படுகின்றோம். எவருமில்லை என்பவனுக்கு நாம் யார்?

அடுத்த ஆடி அமாவாசைக்கும் கீரிமலையில் கூட்டம் சேரும். மாண்ட தந்தையருக்கு நீர் இறைப்போம். தந்தையருக்குச் செலுத்தும் கடன் அதனோடு தீராது. அவர்கள் மூடிவைத்த கதவுகளுள் எஞ்சியவற்றை நம் கையால் திறப்பதும், நம் வீட்டுக் கலியாணப் பேச்சில் முதற்கேள்வியை மாற்றுவதும், காணியிழந்த அயலவன் எம்மதத்தவனாயினும் அவனோடு சென்று கச்சேரி வாசலில் நிற்பதும் அக்கடனின் எஞ்சிய பங்கே. அதைத் தொடங்குவதற்கு நீர் கலங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.