துயரிசையும் இன்பமும்

பிறர் துயரைப் பாடும் இசையைக் கேட்டு இன்புறுதல் முறையாகுமா? அத்துயர் கற்பனையாயின் இவ்வினா நம்மைப் பெரிதும் வருத்தாது. மெய்யென அறிந்த பின்னரும் விரும்பிக் கேட்போமாயின், நாம் விரும்புவது எதனை?

இவ்வினாவை என்னுள் எழுப்பியது, இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரில் உருவான 'ஜோய் டிவிஷன்' இசைக்குழுவின் முதல் இசைத்தட்டாகும். 1979 ஜூனில் வெளிவந்த அதன் பெயர் 'அன்நோன் பிளெஷர்ஸ்'. அறியப்படாத இன்பங்கள் என்பது பொருள். அதன் பத்துப் பாடல்களுள் வெளிப்படையான இன்பத்தைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். ஆயினும் ஒருமுறை கேட்டவர் மீண்டும் கேட்கவே விழைவர்.

இதன் காரணம் ஒலியமைப்பிலேயே உளது என்பேன். மேடையில் இக்குழுவினர் மூர்க்கமாக வாசித்த இசையைத் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹனெற் கலையகத்திற் குளிரச் செய்தார். முரசொலி வெறுமையான மண்டபமொன்றின் மறுகோடியிலிருந்து வருவது போல ஒலிக்கும். இயன் கேர்ட்டிஸின் ஆழ்ந்த குரல் அழுவதுமில்லை, இரக்கம் வேண்டுவதுமில்லை. குழுவினருட் சிலர் இவ்வொலியை விரும்பவில்லையாம். அவர்கள் தவறினர் என்பதே என் துணிபு. துயர் நம்மேல் வந்து விழாது தொலைவில் நிற்பதனாலன்றோ நம் சொந்தத் துயரை அதனருகே வைத்துப் பார்க்க இடமுண்டாகிறது!

தொல்காப்பியம் அழுகையையும் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தது. துன்பியல் நாடகம் பற்றி 1757இல் எழுதிய ஹியூம், சித்திரிக்கும் திறனே துயரை இன்பமாக மாற்றுகிறது என்றார். இவ்விசைத்தட்டுக்கு ஹியூமின் விளக்கம் நன்கு பொருந்தும். ஆயின் அஃது என்னை அமைதிப்படுத்தவில்லை.

கேர்ட்டிஸ் வேலைவாய்ப்பு அலுவலகமொன்றிற் பணியாற்றியவர். அங்கு வேலை தேடி வந்த, வலிப்பு நோயுடைய பெண்ணொருத்தியின் நிலையே இவ்விசைத்தட்டின் ஆறாம் பாடலுக்குக் கருவாயிற்று. அவள் பின்னர் இறந்தாள். 1979இன் தொடக்கத்தில் அவருக்கும் அதே நோய் உண்டென மருத்துவர் உறுதிசெய்தனர். மேடையில் அவர் கைகளை வீசி ஆடுவது வலிப்பை ஒத்திருந்தது. சில வேளைகளில் மெய்யான வலிப்பே வந்தது. அவையோர் அதனையும் ஆட்டமெனக் கருதினர். 1980 மே 18ஆம் நாள், தமது இருபத்து மூன்றாம் வயதில், அவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். பாடல்களின் சொற்களை அவருடைய சொந்தத் துயராகத் தாம் அப்போது கொள்ளவில்லை எனக் குழுவினர் பின்னாளிற் கூறினர்.

நான் மேலே போற்றிய அத்தொலைவே உடனிருந்தோரின் செவியையும் அடைத்ததோ? எனக்கு இன்பந்தரும் அதே பண்பு, ஒரு மனிதனின் அழைப்பை வெறுங்கலையாகக் காட்டிவிட்டதெனில், என் இன்பம் முற்றிலும் தூயதென எங்ஙனம் கூறுவேன்? இன்று இத்தட்டின் முகப்பிலுள்ள அலைக்கோடுகள், பாடல்களைக் கேளாதோர் அணியும் சட்டைகளையும் அலங்கரிக்கின்றன. அவர்களை எள்ளி நகைக்க எனக்கும் தகுதியில்லை.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னரும் இரவில் விடுதியறையில் இதனைக் கேட்கின்றேன். ஆறாம் பாடல் ஒலிக்கையில் முன்போற் காலால் தாளமிட இயலவில்லை. அடுத்த பாடல் தொடங்கியதும் கால் தானாகவே அசையத் தொடங்கிவிடுகிறது.