பிரித்த பொம்மையும் சொல்ல வேண்டிய சொல்லும்

விலை கொடுத்து வாங்கிய பொருளின் மீது வாங்கியவனுக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பது பழைய கேள்வி. அது இப்போது ஒரு பொம்மையின் வடிவில் நம் வாசலுக்கு வந்திருக்கிறது. வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத் வரும் சாலையை ஒட்டி மோட்டார்த் தொழிற்சாலைகள் எழுந்த பின், இவ்வூர்ப் பிள்ளைகள் பலர் அங்கே பணிக்குச் செல்கின்றனர். வாகனங்களுக்கு வண்ணம் பூசும் கலையை அங்கே கற்றுத் தேர்ந்த இளைஞர் ஒருவர், சேகரிப்போர் விரும்பும் ரோபோ பொம்மைகளை வாங்கிப் பிரித்து, புது வண்ணம் தீட்டி, மீண்டும் பொருத்தி விற்பது ஆகுமா என்று கேட்டார். ஆகும் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். வேலையின் விவரத்தைக் கேட்ட பிறகு அது இயலவில்லை.

இப்பொம்மைகளைக் குழந்தைகள் மட்டும் வாங்குவதில்லை. ஜப்பானியத் தகாரா நிறுவனத்தின் உருமாறும் பொம்மைகளை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. அன்று அவற்றை வைத்து விளையாடிய சிறுவர்கள் இன்று நரை கண்டவர்கள். அவர்களே இன்று பெரிய விலை கொடுத்துத் தேடி வாங்குகின்றனர். நம் நாட்டில் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் கூட்டாக 1987இல் ஃபன்ஸ்கூலைத் தொடங்கின. அதன் தொழிற்சாலைகளுள் ஒன்று இராணிப்பேட்டையில், வாலாஜாபேட்டைக்கு அருகே இருக்கிறது. (நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய அவ்வூரையும் நம் வாலாஜாபாத்தையும் குழப்பிக்கொண்டு, கடிதத்தை அங்கே அனுப்பிவிடும் அன்பர்கள் இன்றும் உண்டு.)

சில பொம்மைகள் திருகாணியால் மூடப்பட்டிருக்கும், அவற்றில் சிக்கலில்லை. சில, திருகாணியின் தலை தெரிந்தால் அழகு கெடும் என்பதற்காகப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். பசையிலும் இரு வகை. ஒன்று நாம் சூப்பர் க்ளூ என்று அழைப்பது. 1942இல் கோடாக் நிறுவனத்தின் ஹாரி கூவர், துப்பாக்கியின் குறிநோக்கிக்குத் தெளிந்த பிளாஸ்டிக்கைத் தேடியபோது தற்செயலாகக் கண்ட பொருள் அது. கடைக்கு வந்தது 1958இல். அது இரு பரப்புகளுக்கு நடுவே மெல்லிய ஏடாகத் தனித்து நிற்கும். கடுங்குளிரில் நொறுங்கும் தன்மை அடையும். ஆகவே பொம்மையைக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் சில மணி நேரம் வைத்து, பிறகு மெல்லிய தகட்டைப் பொருத்துவாயில் செலுத்தி, மெதுவாகத் தட்டினால் விட்டுக்கொடுக்கும். மற்றொன்று கரைப்பான். அது பிளாஸ்டிக்கின் இரு விளிம்புகளையும் இளக்கி, தான் ஆவியாகிப் போய்விடும். எஞ்சுவது பசை அன்று. இரண்டும் கலந்த ஒரே உடல். அங்கே பிரிப்பதற்கு எதுவும் இல்லை. பொருத்துவாய் இருந்த கோட்டில் நுண்ரம்பத்தால் அறுக்கத்தான் வேண்டும். அறுத்த இடத்தில் இழந்த பொடியளவைப் பூச்சுமாவால் நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, அடிப்பூச்சு இட்டு, அதன் மேல் வண்ணம் ஏற்றினால், வெட்டுண்ட தடம் கண்ணுக்கோ விரல் நுனிக்கோ அகப்படாது. அந்த இளைஞர் பெருமையோடு கூறியது இதைத்தான். என்னைச் சிந்திக்க வைத்ததும் இதுவே.

செய்தவன் ஒட்டி மூடியதை வாங்கியவன் திறக்கலாமா? திறக்கலாம். விற்பனை முடிந்ததும் உடைமை மாறிவிட்டது. பசை ஓர் ஒப்பந்தம் அன்று. உருவப் பொம்மை ஆகுமா என்று கேட்போருக்கு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சிறகு வைத்த குதிரைப் பொம்மையைக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் புன்னகைத்த வரலாறு நினைவிருக்கட்டும். சேகரிப்போர் பேழையில் நிறுத்தி வைப்பதைப் பற்றி இமாம்கள் வேறாகப் பேசுவர், அது தனிக் கட்டுரைக்குரியது. வீண்செலவு என்பாரும் உளர். கைத்திறனால் கூலி ஈட்டுவதை வீண் என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை.

விற்கும் இடத்தில்தான் முடிச்சு இருக்கிறது. ஹனஃபி நூல்களில், பிறர் பொருளைப் பறித்தவனைப் பற்றிய பாடத்தில் ஒரு நுட்பம் உண்டு: கோதுமை மாவானால், இரும்பு வாளானால், பெயரும் முதற்பயனும் மாறியதால் அது வேறு பொருளாகிவிட்டது என்பர். பறித்தவன் ஈடு செலுத்த வேண்டும் என்பது வேறு செய்தி. நம் பொம்மைக்கோ பெயர் மாறவில்லை. இன்ன நிறுவனம் இன்ன ஆண்டில் செய்த இன்ன ரோபோ என்றே அதை அழைக்கின்றனர்; அந்தப் பெயருக்காகவே விலை தருகின்றனர். பெயர் பழையது, உடல் அறுபட்டது. இவ்விரண்டிற்கும் இடையில் நிற்பவர் விற்பவர் ஒருவரே.

வாங்குபவருக்கு என்ன நட்டம், முன்னிலும் அழகாக அன்றோ இருக்கிறது என்று அவ்விளைஞர் வாதிட்டார். நல்ல வாதம். ஆனால் குறை எது, நிறை எது என்று அளக்கும் கோல் அவர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. வணிகர் வழக்கில் எது விலையைக் குறைக்குமோ அதுவே குறை என்று நம் சட்ட அறிஞர்கள் வரையறுத்தனர். சேகரிப்போரிடையே ஆலை வண்ணம் மாறாத, பிரிக்கப்படாத பொம்மைக்கே மதிப்பு அதிகம். கைவண்ணத்தை விரும்பிக் கூடுதல் தருவோரும் உண்டு. எந்த வகையினர் தம் முன் நிற்கிறார் என்பது சொன்னால் அல்லவா தெரியும்? பொம்மைதானே என்று ஓர் ஆலிம் புறங்கையால் தள்ளிவிடுவதற்கும் இங்கே இடமில்லை.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரத்தைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்டார்கள். அவ்வணிகர் பொய் சொன்னதாக அச்செய்தியில் இல்லை. பால் கறவாமல் மடியைப் பெருக்கவிட்டு ஆட்டை விற்பதும் அப்படியே: ஒரு சொல்லும் பேசாமல் மடியே பொய் பேசுகிறது. தேர்ந்த கைவினைஞனின் நிலை இவர்களினும் நுண்ணியது. திறமை குறைந்தவன் பிரித்து ஒட்டினால் வடு தானே காட்டிக்கொடுத்துவிடும். வாங்குபவர் கண்ணால் கண்டு பேரம் பேசுவார். வடுவே தெரியாமல் செய்ய வல்லவன், வடு சொல்லியிருக்க வேண்டியதைத் தன் வாயால் சொல்லும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்கிறான். கை எவ்வளவு தேறுகிறதோ, நாவின் கடமை அவ்வளவு கனக்கிறது. செயலைச் செம்மையாகச் செய்யும் இத்கான் என்னும் பண்பை வேலைப்பட்டறையோடு நிறுத்திக்கொள்ள முடியாது என்பது என் கருத்து.

பக்கத்துக் காஞ்சிபுரத்துப் பட்டில் உடலும் கரையும் கோர்வையாய்ப் பிணைக்கப்படும் இடத்தில், ரம்பப் பல் போன்ற கோடு வெளிப்படையாகவே தெரியும். நெசவாளர் அதை மறைப்பதில்லை. அறிந்தவர்கள் அதைப் பார்த்தே விலை மதிக்கின்றனர்.

தாம் சொல்லி விற்றாலும், வாங்கியவர் சொல்லாமல் மற்றொருவருக்கு விற்றுவிட்டால் என்ன செய்வது என்று இளைஞர் கடைசியாகக் கேட்டார். அந்தக் குற்றம் அவரைச் சாராது என்றேன். ஆயினும் அடையாளம் ஒன்று இடுவது நலம். பொம்மையின் மார்புக்குள்ளே தம் பெயரையும் ஆண்டையும் எழுதிவைப்பதாகச் சொன்னார். மார்பைத் திறக்க அடுத்தவர் மீண்டும் அறுக்க வேண்டியிருக்குமே! பாதத்தின் அடியில், கவிழ்த்துப் பார்ப்பவர் கண்ணில் படும்படி எழுதச் சொன்னேன்.