விசாவைக் காட்டி மிரட்டாதீர்கள்



மனைவி என்ற முறையில் பிரிட்டனுக்கு வரும் பெண்ணின் விசா, கணவனோடுள்ள உறவை நம்பியே இருக்கிறது. மணம் முறிந்தால் விசாவும் ரத்தாகலாம். இதைத் தெரிந்துகொண்டே சிலர், "எதிர்த்துப் பேசினால் ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டுகிறார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கிறார்கள்.

தலாக் அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் சேர்ந்து வாழ்ந்தாலும் பிரிந்தாலும் நல்ல முறையில் நடக்கவேண்டும் என்பது அல்பகரா அத்தியாயம் 229ஆவது வசனத்தின் கட்டளை. துன்புறுத்துவதற்காகவே மனைவியைத் தடுத்து வைப்பதை 231ஆவது வசனம் அநியாயம் என்கிறது. தலாக் சொன்ன அன்றே வெளியே தள்ளவும் உரிமையில்லை. வெளிப்படையான மானக்கேடான செயல் செய்தாலன்றி, இத்தாக் காலத்தில் அவளை வீட்டைவிட்டு வெளியேற்றக்கூடாது என்று அத்தலாக் அத்தியாயம் தடுக்கிறது. மஹரும் அவளுடைய சொத்து.

பெற்றோர்களே, ஜமாஅத் பெரியவர்களே! அடி வாங்கும் பெண்ணிடம், "விசா கிடைக்கும்வரை பொறுத்துக்கொள்" என்று சொல்லாதீர்கள். மனைவி விசாவில் வந்து குடும்ப வன்முறைக்கு ஆளானவர், கணவனின் தயவின்றித் தாமே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கேட்க பிரிட்டன் சட்டத்தில் வழியுண்டு. குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் அவளை அழைத்துச் செல்லுங்கள்.

விசா தருவது அரசாங்கம். அமானிதமாக மனைவியைத் தந்தவன் அல்லாஹ். அவளைப் பற்றி மறுமையில் அவனே கேட்பான்.

அநியாயம் செய்வதிலிருந்து அல்லாஹ் நம்மைப் பாதுகாப்பானாக! ஆமீன்.