எல்லைக் கல்லுக்கு அப்பால்

ஐந்து ஆண்டு பி.ஆர்க். முடித்தபின் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரில் இரண்டு ஆண்டு எம்.ஆர்க். படிக்கப் போகிறேன் என்றபோது, "செடி வைக்கவா இவ்வளவு படிப்பு?" என்று வீட்டில் கேட்டார்கள். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலேயே இந்தப் படிப்பு இருப்பது பலருக்குத் தெரியாது. புல்தரையும் பூச்செடியும் இதில் சிறு பகுதிதான். என் பொறுப்பு எந்த இடத்தில் முடிகிறது என்ற கேள்விதான் அதன் பெரும்பகுதி.

வீடு கட்டுபவருக்கு மனையின் எல்லைக் கல் போதும். தண்ணீரும் மணலும் அந்தக் கல்லை மதிப்பதில்லை.

எங்கள் புதுச்சேரிக் கடற்கரையையே பாருங்கள். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கடலுக்குள் கல்சுவர்கள் நீட்டப்பட்டன. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கின்றன. சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர, வடக்கே காந்தி சிலைக்கு முன்னிருந்த மணல்வெளி கரைந்துபோனது. ஊரைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே, மீனவர் குப்பங்களுக்கு நகர்ந்தது. பல ஆண்டுகள் கழித்துத்தான் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்து, மணல் கொட்டி, கரையில் ஒரு பகுதியை மீட்டார்கள்.

என்னை உறுத்துவது வேறு. மறிக்கப்படும் மணலை எடுத்து வடக்கே அனுப்பும் ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை. பக்கத்துக் கரைக்கு என்ன ஆகும் என்பது தெரிந்தே இருந்தது; நாள்தோறும் செய்ய வேண்டிய கடமைதான் விடுபட்டது.

எங்கள் ஊர் ரெயின்போ நகர் போன்ற தாழ்வான பகுதிகளின் தெருக்களிலும் இதே கதைதான். ஒருவர் மண்ணடித்து மனையை மேடாக்கினால் மழைநீர் அடுத்த வீட்டு வாசலில் நிற்கும். மேடாக்கியவர் கெட்டவர் அல்லர், தன் பிள்ளைகள் நனையக் கூடாதென்று நினைத்தவர். அவரிடம் வரைபடத்தைக் காட்டி, அடுத்த வீட்டுத் தண்ணீருக்கும் இதில் வழி வைப்போம் என்று பேசத் தெரிய வேண்டும். என் கணிப்பில், தாவரப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட இது கடினமான பாடம்.

இந்தத் துறையைப் படிக்க நினைக்கும் தம்பி தங்கைகளே, நல்ல மழை நாளில் பெரிய வாய்க்கால் ஓரமாக நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் வாசலுக்குப் போகிறது என்று கவனியுங்கள். அந்த வாசலில் இருப்பவரிடம் பேசிவிட்டுப் பென்சிலை எடுங்கள்.