ஊர் பெயராமை குற்றமாகுமா?

1981 ஒக்ரோபரிலே பிரித்தானியத் தொழில் அமைச்சர் நோர்மன் ரெபிற், 1930களில் வேலையற்றிருந்த தம் தந்தையார் கலகஞ் செய்யவில்லை, துவிச்சக்கர வண்டியேறி வேலை தேடினார் என்றார். (தந்தையார் ஊரைவிட்டே நீங்கினாரென அவர் கூறவில்லை.) வேலையின்மை நீடிப்பது வேலையற்றோரின் அசைவின்மையால் என்பதே அக்கூற்றினின்று பலர் கொண்ட பொருள்.

1982 ஜனவரியில் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைக் கடந்தது. உள்ளூராட்சிச் சபையின் வாடகை வீட்டிலிருந்த தொழிலாளி வேற்றூர் சென்றால், அங்கு வீடு வேண்டுவோர் பட்டியலின் அடியிலே தன் பெயரைப் பதியவேண்டும். உள்ள வீட்டையும் விட்டு வேலை தேடுவது துணிவா, பேதைமையா? பெயர்ந்து செல்வோரோ பெரும்பாலும் இளைஞரும் தேர்ச்சி பெற்றோருமாவர். அவர்கள் நீங்கியபின் ஊரின் வேலையின்மை வீதம் குறையலாம், இழந்த தொழில்கள் மீள்வதில்லை.

ஊர் பெயர்தல் ஒருவனது உரிமை. அதனைக் கடமையாக்க முனையும் அரசு அதன் செலவிலும் பங்கேற்றல் வேண்டும்; 1980ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டமோ சபை வீடுகளைக் குடியிருந்தோருக்கு விற்பதற்கே வழிதிறந்தது.