வாயில் தெருவுக்கு, மிஹ்ராப் கிப்லாவுக்கு

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை அறியாத தமிழ் முஸ்லிம் வணிகர் யார்? 1826-ஆம் ஆண்டில் சூலியா மக்களால் நிறுவப்பட்டது அது. இன்று நாம் காணும் கட்டடம் 1830-களில் எழுந்தது. தெருவில் நின்று பார்த்தால், அதன் முகப்பு வாயில் அண்டைக் கடைகளைப் போலவே சாலையின் கோட்டோடு ஒட்டி நேராக நிற்கும். வாயிலைக் கடந்து உள்ளே சென்றாலோ, தொழுகைக் கூடம் சற்றே கோணம் திரும்பி நிற்பதைக் காணலாம். சாலை நகரத் திட்டப்படி போடப்பட்டது. கூடம் கிப்லாவை நோக்கிக் கட்டப்பட்டது. நம் முன்னோர் ஊர்ச் சாலையோடு மல்லுக்கு நிற்கவுமில்லை. சாலைக்காகக் கிப்லாவை வளைக்கவுமில்லை. வாயிலைத் தெருவோடு ஒட்ட வைத்தார்கள். தொழும் இடத்தைத் திருப்பிக் கட்டினார்கள்.

அந்தக் கோணத்தைப் பற்றித்தான் இம்மாதம் சிந்திக்க விரும்புகிறோம்.

'அலைன்மெண்ட்' என்று ஒரு சொல் இப்போது எங்கு பார்த்தாலும் அடிபடுகிறது. தமிழில் நேர்ப்படுதல் என்று சொல்லலாம். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் கணிப்பொறியைப் பற்றிப் பேசும்போது அதைச் சொல்கிறார்கள். கார் பட்டறைக்காரரும் அதையே சொல்கிறார். ஒரே சொல் இத்தனை துறைகளில் நடமாடுமானால் அதில் ஏதோ பொதுவான உண்மை இருக்க வேண்டும் அல்லவா? நமக்கு அந்தப் பாடத்தை முதலில் கற்பித்தவர் மதரஸாவின் ஹஸரத் அவர்கள்தாம். ஸஃப்பில் ஒருவன் குதிகால் முன்னே வந்திருந்தால், தக்பீர் சொல்லாமல் திரும்பி நின்று பார்ப்பார்கள். அம்பை நேராக்குவது போல நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸஃப்புகளை நேராக்கினார்கள் என்பதும், வரிசை கோணினால் உள்ளங்களும் கோணும் என்று எச்சரித்தார்கள் என்பதும் நாம் ஓதி அறிந்த செய்திகள்.

துறைதோறும் ஒரு பாடம்

முதலில் பட்டறையைப் பார்ப்போம். காரின் சக்கரங்கள் தமக்குரிய கோணத்திலிருந்து சிறிது விலகினாலும் கார் ஓடத்தான் செய்யும். ஓட்டுபவருக்குக் குறை எதுவும் தெரியாது. சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருக்கும். கோணல் சிறிதானாலும் அது ஓயாமல் வேலை செய்கிறது என்பது இதிலிருந்து பெறும் பாடம்.

கிப்லாவிலும் இதே கணக்குத்தான். இங்கிருந்து திருமக்கா ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இங்கே 1 பாகை பிசகினால் அங்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். அதைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஆண்டுதோறும் மே 28-ஆம் தேதி மாலை 5.16 மணி அளவிலும், ஜூலை 16-ஆம் தேதி மாலை 5.28 மணி அளவிலும் கதிரவன் கஅபாவின் நேர் உச்சியில் நிற்கும். அவ்வேளையில் ஒரு கம்பை நட்டு, நிழல் விழும் திசைக்கு எதிர்த்திசையை நோக்கினால் அதுவே கிப்லா. நம்முடைய கோட்டைக் கொண்டே நம் கோட்டைச் சரிபார்க்க முடியாது. நமக்கு வெளியே, நாம் அசைக்க முடியாத ஒன்று வேண்டும் என்பது இரண்டாம் பாடம்.

மூன்றாவது பாடம் உயிரியல் அறிஞர்களிடமிருந்து. இரண்டு உயிர்களின் புரதங்களை ஒப்பிட்டு அவற்றின் உறவை அறிய அவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நீடில்மன், வுன்ஷ் என்னும் இருவர் 1970-இல் வெளியிட்ட வழி அது. இரண்டு நீண்ட சங்கிலிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, ஒத்த கண்ணிகள் நேருக்கு நேர் வரும்படி அடுக்குவார்கள். ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லாவிட்டால் அங்கே வெற்றிடம் விடுவார்கள். இது நமக்குப் புதிய வித்தையா? மொத்த வியாபாரி அனுப்பும் கணக்கையும் நமது பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடிக்கிறோமே, அதே வேலைதான். நம் ஏட்டில் ஒரு பதிவு விடுபட்டிருந்தால் அந்த இடத்தைக் காலியாக விட்டுத்தான் மேலே போக வேண்டும். விடுபட்டதை ஒப்புக்கொள்ளாமல் அடுத்த பதிவை அதற்கு நேராக இழுத்து வைத்தால், அதன் பின்னுள்ள பதிவுகள் அத்தனையும் பிசகும். ஒரு குறையை ஒப்புக்கொண்டால் மற்றவை நேராகும். மறைத்தால் எல்லாமே கோணும்.

நான்காவது, மொழிபெயர்ப்புத் துறை. 1990-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்கள், கனடா நாட்டுப் பாராளுமன்ற நடவடிக்கைகளின் ஆங்கிலப் பிரதியையும் பிரெஞ்சுப் பிரதியையும் பக்கம் பக்கமாக வைத்து, எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் நேர் என்று கணிப்பொறியைக் கண்டுபிடிக்கச் செய்தார்கள். முதல் சொல்லுக்கு முதல் சொல், இரண்டாவதற்கு இரண்டாவது என்று வைத்தால் பொருள் குழம்பிவிடும். ஆங்கிலத்தில் வினைச்சொல் நடுவில் வரும். நம் தமிழில் கடைசியில் வரும். தோற்றத்தில் ஒன்றுபோல் நிற்பதே நேர்ப்படுதல் ஆகாது. பொருளோடு பொருள் பொருந்த வேண்டும்.

நமது கடையில் நடந்தது

இவ்வளவும் ஏட்டுப் படிப்பு. இனி நமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறோம். சொல்ல வெட்கமாக இருந்தாலும் வணிகச் சகோதரர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது மளிகைக் கடையில் புதிய நெய் ஒன்றைத் தருவித்தோம். அதில் லாபம் சற்று அதிகம். சரக்கு சீக்கிரம் போக வேண்டும் என்று, விற்கும் ஒவ்வொரு டின்னுக்கும் ஐம்பது காசு தனியாகத் தருவதாகச் சிப்பந்திகளிடம் சொன்னோம். ஒரு பையன் மிகவும் சுறுசுறுப்பு. மாதக் கடைசியில் மற்ற இருவரும் விற்றதைக் கூட்டினாலும் அவன் விற்றதற்கு ஈடாகவில்லை. எல்லோர் முன்னிலையிலும் அவனைப் பாராட்டினோம்.

நெடுங்காலமாக நம்மிடம் சாமான் வாங்கி வந்த மலாய் மூதாட்டி ஒருவர், தம் வீட்டு விருந்துக்காக வழக்கமான நெய்யைக் கேட்டு வந்திருக்கிறார். 'அந்த நெய் இப்போது வருவதில்லை' என்று சொல்லி, புதிய நெய்யில் நான்கு டின்களை அவர் தலையில் கட்டியிருக்கிறான் பையன். மறுநாள் அவர் வேறு சாமானுக்காக வந்தபோது, பழைய நெய் பின்பக்கத் தட்டில் அடுக்கியிருப்பதைக் கண்டார். சண்டை போடவில்லை. என்னைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார், போய்விட்டார். அதன் பிறகு வரவேயில்லை.

விஷயம் தெரிந்ததும் பையனைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டோம். போகும்போது அவன் ஒன்று சொன்னான்: "முதலாளி, எத்தனை டின் போயிற்று என்றுதானே தினமும் கேட்டீர்கள்? வாங்கியவர் திரும்பி வந்தாரா என்று ஒருநாளும் கேட்கவில்லையே."

திமிரான பேச்சு என்று அன்று நினைத்தோம். இரவு கல்லாப் பெட்டியை மூடும்போது அந்தச் சொல் தைத்தது.

அளவும் நோக்கமும்

இதே தவறு உலகில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1902-இல் வியட்நாமின் ஹானோய் நகரில் எலித் தொல்லை பொறுக்காத பிரெஞ்சு அரசு, கொன்ற எலியின் வாலைக் கொண்டுவந்தால் காசு தருவதாக அறிவித்தது. வால்கள் குவிந்தன. ஆனால் வாலில்லாத எலிகள் ஊரில் ஓடிக்கொண்டிருந்தன. காசுக்காக எலி வளர்த்தவர்களும் அகப்பட்டார்கள். அரசு விரும்பியது எலி ஒழிவதை. விலை கொடுத்ததோ வாலுக்கு. அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ என்னும் பெரிய வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளரையும் பல கணக்குகள் திறக்கச் செய்ய வேண்டுமென்று சிப்பந்திகளை நெருக்கியது. அவர்களோ வாடிக்கையாளர் அறியாமலே இலட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்துவைத்தார்கள். 2016-இல் அது வெளிப்பட்டு, 185 மில்லியன் டாலர் அபராதம் விழுந்தது. வங்கி சுமார் 5,300 பேரை வேலையிலிருந்து நீக்கியிருந்தது. நாம் ஒருவனை நீக்கினோம். அவர்கள் ஐயாயிரம் பேரை நீக்கினார்கள். கொக்கியை வைத்தவர்களும் நாங்கள்தாமே என்பதை இரு தரப்பாரும் முதலில் எண்ணவில்லை.

கணிப்பொறி அறிஞர்கள் இன்று அஞ்சுவதும் இதைத்தான். நார்பர்ட் வீனர் என்னும் அமெரிக்கக் கணித மேதை 1960-லேயே எச்சரித்தார்: இயந்திரத்துக்கு நாம் இடும் நோக்கம், நாம் உண்மையில் விரும்பும் நோக்கம்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. 2016-இல் ஓப்பன் ஏஐ ஆராய்ச்சியாளர்கள் ஒரு படகுப் பந்தய விளையாட்டைக் கணிப்பொறிக்குப் பழக்கினார்கள். புள்ளிகள் சேர்ப்பதே அதற்கு இட்ட குறி. அது பந்தயத்தை முடிக்கவே இல்லை. ஓர் ஓரத்தில் வட்டமடித்து, மற்றப் படகுகளில் மோதி, தீப்பற்றியும் கூட, திரும்பத் திரும்பப் புள்ளிகளை அள்ளிக்கொண்டிருந்தது. இயந்திரத்துக்கு நிய்யத் இல்லை, சொன்னதைச் செய்தது. கோணல் சொன்னவர் சொல்லில் இருந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். 'பையனுக்கு மனச்சாட்சி இல்லையா? அவன் இயந்திரமா? கூலி எப்படிக் கொடுத்தாலும் பொய் சொல்லலாமா?' கூடாது. அவன் சொன்ன பொய்க்கு அவனே அல்லாஹ்விடம் பதில் சொல்வான். ஆனால் அவனைப் பொய்யின் பக்கம் சரித்துவிட்ட சாய்வுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? தரையைச் சாய்த்துப் போட்டுவிட்டு, தண்ணீர் ஏன் அந்தப் பக்கம் ஓடுகிறது என்று கோபிப்பது நியாயமாகுமா? மனிதன் இயந்திரம் அல்லன் என்பதனால்தான் நமது பொறுப்பு கூடுகிறது. அவனுக்கு ஓர் ஆன்மா உண்டு. அது கெடுவதற்கு ஐம்பது காசு விலை வைத்தவர் நாம்.

கதீஜா (ரலி) அம்மையார் அவர்கள் தம் சரக்கை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒப்படைத்துச் ஷாம் நாட்டுக்கு அனுப்பியதையும், மைஸரா என்னும் பணியாளர் உடன் சென்றதையும் நாம் அறிவோம். திரும்பி வந்தபோது லாபம் நிறைய இருந்தது. ஆனால் அம்மையார் லாபத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பயணத்தில் கண்ட பண்பை மைஸராவிடம் கேட்டறிந்தார்கள். அந்த அமானிதம்தான் அவர்கள் உள்ளத்தைக் கவர்ந்தது. முளாரபா என்னும் நமது கூட்டு வணிக முறையும் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. லாபத்தில் இருவருக்கும் பங்கு. உழைப்பவரின் கவனக்குறைவோ மோசடியோ இல்லாமல் நஷ்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பொருள் போகும், உழைத்தவருக்கு உழைப்புப் போகும். இருவர் நன்மையும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும்படி செய்த ஏற்பாடு அது.

எனினும் ஏற்பாடு மட்டும் போதுமா? போதாது. திருடர்களும் வரிசையாகத்தான் சுவரேறுகிறார்கள். அவர்களுக்குள்ளும் பங்கு சரியாகப் பிரிகிறது. முதலாளியும் சிப்பந்தியும் சேர்ந்து எடையில் கை வைத்தால் அதுவும் ஓர் ஒற்றுமைதான்! ஸஃப்பு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தும் கிப்லாவுக்கு முதுகு காட்டி நின்றால் அது தொழுகையாகுமா? ஆகவே நேர்ப்படுதல் என்பது தன்னளவில் நன்மையன்று. எதை நோக்கி என்பதுதான் முதல் கேள்வி. பிறகுதான் வரிசை. திருமறையின் 61-ஆம் அத்தியாயத்துக்கு 'ஸஃப்பு' என்றே பெயர். அணிவகுத்து நிற்பதைப் புகழும் அந்த அத்தியாயம், அதற்கு முன்பாகவே, செய்யாததை ஏன் சொல்கிறீர்கள் என்று ஈமான் கொண்டவர்களைக் கேட்கிறது. சொல்லும் செயலும் ஒரு வரிசையில் நின்ற பிறகுதான் தோளோடு தோள்.

நாம் அந்தப் பையனைத் தேடிச் சென்றோம். வேறொரு கடையில் இருந்தான். "தம்பி, உன் மீது பாதித் தப்பு, நம் மீது மீதித் தப்பு. மன்னித்துக்கொள்" என்று சொன்னோம். அவன் கண் கலங்கினான். சில மாதங்களில் நம்மிடமே திரும்பினான். டின்னுக்கு இவ்வளவு என்ற வழக்கத்தை நிறுத்திவிட்டோம். ஆண்டு லாபத்தில் சிப்பந்திகள் அனைவருக்கும் பங்கு வைத்தோம். கடைக்கு வராமல் நின்றுபோன வாடிக்கையாளர் யார் யார் என்று மாதம் ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து பேசுகிறோம். விற்பனை முன்னைவிடக் கூடியது என்று சொல்லமாட்டோம்; கூடவில்லை. அந்த மூதாட்டியும் திரும்பவில்லை. நம் ஏட்டில் அந்த ஒரு வரி வெற்றிடமாகவே நிற்கிறது. அதை மறைத்து அடுத்ததை இழுத்து வைக்க நாம் விரும்பவில்லை.

சகோதரர்களே! வாடகை, உரிமம், வரி, போட்டி என்று நம் வாயில் தெருவோடு ஒட்டித்தான் நிற்க வேண்டும், அதில் குற்றமில்லை. ஆனால் வாயிலைக் கடந்து உள்ளே சென்றால் நமது கூடம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? இன்றிரவு கல்லாவைப் பூட்டும்போது, நம் சிப்பந்தியிடம் அன்றாடம் நாம் கேட்கும் கேள்வி எது என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். அந்தக் கேள்விதான் நமது கடையின் கிப்லா.

வல்ல அல்லாஹ் நம் நிய்யத்தையும் சொல்லையும் செயலையும் ஒரே ஸஃப்பில் நிறுத்தி, அதைத் தன் பக்கம் திருப்பி அருள்வானாக! ஆமீன்.