வழி கேட்பவனும் வழி சொல்பவனும்



நள்ளிரவு. இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோ நகரம். இலங்கைத் தமிழர் பலர் வாழும் ஊர் அது. நற்பிட்டிமுனையிலிருந்து போய் ஒரு மாதமே ஆன ஒரு தகப்பனை அங்கே நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். தெருவில் இறங்குகிறான். மனப்பாடம் செய்த ஒரே வாக்கியம் அவனிடம் உண்டு: "தொவே லா ஃபார்மச்சீயா?" மருந்துக்கடை எங்கே?

கேட்டுவிட்டான். பதில் விளங்க வேண்டுமே! 'தெஸ்த்ரா' என்றால் வலம், 'சினீஸ்த்ரா' என்றால் இடம், 'த்ரீத்தோ' என்றால் நேரே. பச்சைச் சிலுவை விளக்கு மருந்துக்கடையின் அடையாளம். அன்றிரவு முறைப்படி திறந்திருக்கும் கடை எதுவென்பது பூட்டிய கடைகளின் கதவிலும் எழுதப்பட்டிருக்கும். ஆயினும் பதற்றத்தில் நிற்பவன் நம்புவது எதிரில் வரும் மனிதனையே.

அந்த மனிதனுக்கோ வழி சரியாகத் தெரியாது. "தெரியாது" என்று சொல்ல வெட்கம். உத்தேசமாகக் கையைக் காட்டிவிட்டுப் போகிறான். இது பொய்யா? கெடுக்கும் எண்ணம் அவனுக்கு இல்லையே!

புனித அகுஸ்தினார் தம் 'என்கிரிதியோன்' நூலில் ஓர் அனுபவத்தைக் கூறுகிறார். வழி இரண்டாகப் பிரியும் ஓரிடத்தில் அவர் பாதை தவறினார். அதனாலேயே, சரியான பாதையில் ஆயுதத்தோடு பதுங்கியிருந்த எதிர்க்குழுவினரிடமிருந்து தப்பினார். விளைவு நன்மையே. எனினும் தவறு தன்னளவில் தீமைதான் என்கிறார் அவர். பொய் என்பது உள்ளத்தில் ஒன்றும் வாயில் வேறொன்றும் வைப்பது என்பதும் அவர் போதனையே. அப்படியானால் உள்ளத்தில் ஐயத்தை வைத்துக்கொண்டு உறுதிபோல் கை காட்டியவன் எந்தப் பக்கம்? தற்செயலாக வழி சரியாகிவிட்டாலும், அவன் உண்மை பேசியவன் ஆவானா?

இத்தாலி தூரம். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் நம் நற்பிட்டிமுனைச் சந்திக்கு வாருங்கள். கல்முனை ஆஸ்பத்திரியில் கிடக்கும் உறவினருக்கு மருந்து தேடும் ஒருவர் சிங்களத்தில், "பாமசிய கொஹேத?" என்று கேட்கிறார். மொழி விளங்கவில்லையென்று முகத்தைத் திருப்பலாமா? ஃபார்மச்சீயா, பாமசிய, நாம் சொல்லும் பாமசி, மூன்றும் ஒரே கிரேக்கச் சொல்லின் பிள்ளைகளல்லவா! அரச அலுவலகங்களில் மொழி தெரியாமல் நின்ற வேதனையும் நமக்குப் புதிதல்ல.

தெரிந்தால் சந்திவரை கூட நடந்து காட்டுவோம். தெரியாவிட்டால் "தெரியாது" என்போம். தெரிந்தவரிடம் அழைத்துச் செல்வோம். நம் பிள்ளைக்காக எங்கோ ஒரு தெருவில் வழி கேட்பவனுக்கும் அப்படியொருவர் எதிர்ப்பட வேண்டாமா?